காரைக்கால் அம்மையார்: மாம்பழத்தோடு நாம் ஏன் நின்றுவிடுகிறோம்?

நெய்தல் வாசகி | வெள்ளி, இரவு 9.40

என் மகள் ஆறாம் வகுப்பில் படிக்கிறாள். பள்ளி ஆண்டு விழாவில் காரைக்கால் அம்மையார் நாடகம் போடுகிறார்கள், இவள்தான் புனிதவதி, அதாவது இளமைக்கால அம்மையார். வசனத்தாள் நேற்று வீட்டுக்கு வந்தது. மொத்தம் நான்கு பக்கம். கணவன் பரமதத்தன் இரண்டு மாம்பழங்களை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த சிவனடியாருக்குப் புனிதவதி ஒன்றைப் படைத்துவிடுகிறாள். கணவன் மீதிப் பழத்தைச் சாப்பிட்டுவிட்டு இன்னொன்றும் கேட்கிறான். இறைவன் அருளால் அவள் கையில் ஒரு பழம் வருகிறது. இதற்கே மூன்றரைப் பக்கம் போய்விட்டது. கடைசி நான்கு வரிகளில் கணவன் பிரிகிறான், இவர் பேய் வடிவம் வேண்டுகிறார், கயிலைக்குத் தலையால் நடக்கிறார், திரை விழுகிறது.

அவர் பாடிய பாட்டில் ஒரு வரிகூட அந்த நான்கு பக்கத்தில் இல்லை.

சைவப் பாடல் தொகுப்பான திருமுறைகளில், பதினோராம் திருமுறையில் அவருடைய நூல்கள் நான்கு இருக்கின்றன. திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகங்கள் இரண்டு சேர்ந்து 22 பாட்டு, திருவிரட்டை மணிமாலை 20, அற்புதத் திருவந்தாதி 101. ஆக 143. (ஆண்டாளின் நாச்சியார் திருமொழியும் 143தான். எண்ணிப் பார்த்தபோது மனத்துக்குள் ஒரு மகிழ்ச்சி.) இந்த 143 பாட்டிலும் மாம்பழம் இல்லை, கணவன் பெயர் இல்லை, புனிதவதி என்ற பெயர்கூட இல்லை. அவர் தமக்கு வைத்துக்கொண்ட பெயர் ஒன்றே ஒன்று: காரைக்கால் பேய். அவரே சொல்லாததைத்தான் நாம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அவர் சொன்னதை நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்? நானே நாற்பது வயதுக்கு மேல்தான் படித்தேன்.

காரைக்கால் மகன் | வெள்ளி, இரவு 10.15

அம்மா, வணக்கம். நான் அந்த ஊரில் பிறந்தவன். வேலைக்காக வெளியூரில் இருக்கிறேன். உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனாலும் மாம்பழத்தை இப்படித் தள்ளிவைத்துப் பேசுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

ஆனிப் பௌர்ணமியன்று எங்கள் தெருவுக்கு வந்து பாருங்கள். பிச்சை ஏற்கும் கோலத்துச் சிவனான பிட்சாடனர் பவழக்கால் சப்பரத்தில் வருவார். வீட்டு மாடிகளில் கூடைகூடையாகப் பழம் வைத்துக்கொண்டு காத்திருப்போம். சுவாமி எங்கள் வீட்டைத் தாண்டியதும் பின்னால் வருகிற கூட்டத்தின் மேல் பழங்களை வீசுவோம். கீழே முந்தானையை விரித்துப் பிடிப்பவர்கள் உண்டு, துண்டை விரிப்பவர்கள் உண்டு, வெறுங்கையால் எட்டிப் பிடிப்பவர்களும் உண்டு. என் அம்மாவுக்குத் திருமணமாகி ஏழு ஆண்டு குழந்தை இல்லை. ஒரு வருடம் ஒரு பழம் நேராக அவர் மடியில் வந்து விழுந்ததாம். அடுத்த ஆனியில் நான் பிறந்து மூன்று மாதக் குழந்தை. இன்றைக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு கூடை வீசாமல் அந்த நாள் போகாது.

என் அம்மாவுக்கு அந்தாதி தெரியாது. அம்மையாரை நன்றாகத் தெரியும்.

புதியவன் | சனி, காலை 6.50

ஓர் எளிய கேள்வி. பேய் என்றால் உண்மையிலேயே பேயா? சிறு வயதில் எங்கள் ஊர்க் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் எலும்பும் தோலுமாக ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறேன். நாயன்மாரில் அவர் ஒருவர்தானே பெண்?

பழைய ஏடு | சனி, காலை 8.05

தம்பி, பெண்கள் மூவர். மங்கையர்க்கரசியார், இசைஞானியார், அம்மையார். மூவரில் பாடல் தந்தவர் அம்மையார் மட்டும்.

பேய் என்ற சொல்லுக்கு வருகிறேன். சைவ மரபில் அது சிவகணங்களுள் ஒன்று. சுடலையில் இறைவன் ஆடும்போது உடன் நின்று பாடவும் தாளமிடவும் உரிமை பெற்ற கூட்டம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் இவரை 'பேயார்க்கும் அடியேன்' என்று வணங்குகிறார். பேயார்! அந்த 'ஆர்' விகுதியைக் கவனியுங்கள். பேய்க்கு மரியாதை விகுதி கொடுத்து, அவருக்கு நான் அடியேன் என்று சொல்கிறார் ஒரு பெரும்புலவர். நீங்கள் பயந்து ஒளிந்ததில் தவறில்லை. பயமும் வணக்கமும் அந்த உருவத்தில் சேர்ந்தே இருக்கின்றன.

பாட்டி என்பதை மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். பெரியபுராணத்தில் அவர் வரலாற்றைப் பாடிய சேக்கிழார் கணக்குப்படி அவர் இளம்பெண். உடம்பின் தசையை உதறியதால் அப்படித் தோன்றுகிறார்.

இசை மாணவன் | சனி, காலை 11.30

நான் ஐந்து ஆண்டுகளாகத் தேவாரம் கற்கிறேன். ஆசிரியர் முதலில் சொல்லிக்கொடுத்தது சம்பந்தரின் 'தோடுடைய செவியன்', பண் நட்டபாடை. பல மாதங்கள் கழித்துத்தான் அம்மையாரின் 'கொங்கை திரங்கி' பதிகத்தைத் தொட்டோம். அதற்கும் நட்டபாடைதான். அன்றைக்கு ஆசிரியர், "இதுதான் மூத்தது, அதனால்தான் பெயரே மூத்த திருப்பதிகம்" என்றார். எனக்கு ஒரு நிமிடம் பேச்சே வரவில்லை.

பத்துப் பாட்டு பாடி, பதினோராவதில் தம் பெயரையும் பாடுவதால் வரும் பயனையும் சொல்லி முடிப்பது சம்பந்தர் பதிகங்களின் அமைப்பு என்று நினைத்திருந்தேன். அது அம்மையாரிடம் முன்பே இருக்கிறது. முதல் பதிகத்தின் கடைசிப் பாட்டில் தம்மை எப்படிச் சொல்கிறார் தெரியுமா?

'செடிதலைக் காரைக்காற் பேய் செப்பிய செந்தமிழ் பத்தும் வல்லார்'

செடி போல் அடர்ந்து சிலிர்த்த தலை என்று தம்மைச் சொல்லிக்கொண்ட அதே மூச்சில், தம் பாட்டைச் 'செந்தமிழ்' என்று சொல்கிறார். உருவத்தைப் பற்றிக் கூச்சமே இல்லை, தமிழைப் பற்றி அப்படி ஓர் உறுதி. அந்த அடியைப் பாடும்போதெல்லாம் எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிடும்.

அதே பதிகத்தில், சுடுகாட்டு ஆட்டத்தைப் பாடும் ஒரு பாட்டு துத்தம், கைக்கிளை, விளரி, தாரம், உழை, இளி என்று சுரப் பெயர்களை அடுக்கிவிட்டு, சச்சரி, கொக்கரை, தக்கை, தகுணிதம், துந்துபி, தாளம், வீணை, மத்தளம், கரடிகை, தமருகம், குடமுழா, மொந்தை என்று வாத்தியங்களுக்குப் போகிறது. இசை தெரிந்த ஒருவர்தான் சுடுகாட்டை இப்படிக் கேட்டிருக்க முடியும்.

தீக்கொள்ளி | சனி, மாலை 4.20

நெய்தல் வாசகி சொன்னதை நான் இன்னும் அழுத்திச் சொல்வேன். அந்தக் கதையில் நம் மனத்தில் நிற்பது என்ன? சொன்னபடி சமைத்து, கேட்டபடி பரிமாறி, கணவன் மனம் கோணாமல் இருக்கத் தெய்வத்திடம் பழம் கேட்டு வாங்கிய ஒரு நல்ல மனைவி. அவளை அவன் விட்டுப் போகிறான். கப்பலேறி வாணிபத்துக்குப் போனவன் பாண்டிநாட்டில் குடியேறி இன்னொரு பெண்ணை மணந்து, பிறந்த மகளுக்கு இவள் பெயரை வைக்கிறான். உறவினர்கள் இவளைச் சிவிகையில் ஏற்றி அவன் ஊருக்கே கொண்டுபோய் நிறுத்தினால், புது மனைவியோடும் குழந்தையோடும் காலில் விழுந்து 'மானுடம் இவர்தாம் அல்லர்' என்கிறான்.

தெய்வம் என்று கும்பிட்டுக் கைகழுவிவிடுவது எவ்வளவு எளிது! என் உறவிலேயே ஒரு பெண்ணுக்கு இது நடந்தது. "அவள் சாமி மாதிரி, அவளோடு எப்படிக் குடும்பம் நடத்துவது" என்று சொல்லியே அவளைத் தனியே விட்டார்கள். அதனால் இந்த இடத்தைப் படிக்கும்போது என்னால் அமைதியாக இருக்க முடிவதில்லை.

நாம் குழந்தைகளுக்கு நாடகமாகச் சொல்லிக்கொடுப்பது அந்த நல்ல மனைவியை. பேய் என்று தனக்குத் தானே பெயர் வைத்துக்கொண்ட கவிஞரை யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. சேக்கிழார் அவரை வீட்டுக்குள் அடைத்துவிட்டார் என்பது என் எண்ணம்.

பழைய ஏடு | சனி, இரவு 7.45

அம்மா, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அது சேக்கிழார் மேல் விழுவது நியாயமில்லை என்று தோன்றுகிறது. முப்பது ஆண்டுகள் வகுப்பில் பெரியபுராணம் நடத்தியவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அந்தக் காட்சியையே பார்ப்போம். கணவன் காலில் விழுந்ததும் அம்மையார் என்ன செய்தார்? 'அச்சமோடு ஒதுங்கி நிற்ப' என்று எழுதுகிறார் சேக்கிழார். தெய்வம் என்று கும்பிடப்பட்ட பெண் பெருமிதத்தோடு நிற்கவில்லை. பயந்து உறவினர் பக்கம் ஒதுங்குகிறாள். அந்த நடுக்கத்தைப் பார்த்து எழுதிய கையை நாம் மதிக்க வேண்டும். அடுத்து அவர் வாயில் வைக்கும் சொற்கள் இவை:

'ஈங்கிவன் குறித்த கொள்கை இது. இனி இவனுக் காகத்
தாங்கிய வனப்பு நின்ற தசைப்பொதி கழித்து...'

இவனுக்காகத் தாங்கியிருந்த அழகு. அது தங்கியிருக்கும் தசை மூட்டை. இனி இது எதற்கு, கழித்துவிடு என்கிறார். 'பொதி' என்பது சுமை. மாடு சுமப்பது பொதி, வணிகன் ஏற்றுவது பொதி. வணிகர் குடியில் பிறந்து வணிகனுக்கு வாழ்க்கைப்பட்டவர், தம் உடம்பைப் பொதி என்று இறக்கிவைக்கிறார். இதை எழுதியவரா வீட்டுக்குள் அடைத்தவர்?

சேக்கிழார் 66 பாட்டில் இந்த வரலாற்றைப் பாடினார். மாம்பழத்தோடு நூலை மூடி வைத்தது நாம்.

கல்லும் செம்பும் | ஞாயிறு, காலை 9.10

நான் சிற்பங்களைத் தேடி அலைகிறவன். இலக்கியம் அவ்வளவாகத் தெரியாது. காலத்தை மட்டும் வரிசையாக வைக்கிறேன்.

சேக்கிழார் பாடியது இரண்டாம் குலோத்துங்கன் காலம், அதாவது 12ஆம் நூற்றாண்டு. அதற்கு ஏறத்தாழ நூறு ஆண்டு முன்னால் முதலாம் இராசேந்திரன் கட்டிய கங்கைகொண்டசோழபுரத்தில், ஆடவல்லானின் (நடராசரின்) காலடியில் வற்றிய உடம்போடு தாளமிட்டபடி அம்மையார் உட்கார்ந்திருக்கிறார். அதற்கும் முன்பு, 967இல் குடமுழுக்குக் கண்ட கம்போடியாவின் பாந்தியாய் ஸ்ரே கோயிலில், கிழக்குக் கோபுர முகப்பில் ஆடும் சிவனுக்கு அருகே திரங்கிய மார்போடு ஒரு பெண் உருவம் இருக்கிறது. அது அம்மையார்தான் என்று அறிஞர்கள் அடையாளம் காண்கிறார்கள். கடல் கடந்து போனது பேய் உருவமும் பாட்டும் தாளமும். அந்தச் செதுக்கல்களில் பழம் எதுவும் இல்லை.

சோழர் காலச் செப்புத்திருமேனிகள் சில இன்று அமெரிக்க அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. நியூயார்க்கில் ஒன்று, கான்சஸ் நகரில் ஒன்று. கான்சஸ் நகரத்துத் திருமேனியின் படத்தை என் மேசைமேல் வைத்திருக்கிறேன். விலா எலும்பும் கழுத்து எலும்பும் வரி வரியாகத் தெரியும். கைகளில் இரண்டு சிறு தாளம். முதுகு கொஞ்சமும் வளையவில்லை. மெலிந்த உடம்பை வார்த்த ஸ்தபதி நோயாளியை வார்க்கவில்லை. அடுத்த தட்டுக்குக் காத்திருக்கும் பாடகியை வார்த்திருக்கிறார்.

பழைய ஏடு | ஞாயிறு, காலை 10.30

அருமையாகச் சொன்னீர்கள். ஒன்றைச் சேர்க்கிறேன். சேக்கிழாருக்கு முன்பே நம்பியாண்டார் நம்பி இவரைப் பற்றி ஒரு பாட்டு பாடியிருக்கிறார். 'நம்பன் திருமலை நான்மிதியேன்' என்று தாள் இரண்டும் மேலாகத் தலையால் நடந்து ஏறியதும், உமை நகைக்க இறைவன் 'என் அம்மை' என்றதும் அதில் உண்டு. பழம் இல்லை. ஆனால் ஒரே ஒரு பாட்டில் எல்லாம் அடங்காது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஊரார் வாயில் வழங்கிய கதையைச் சேக்கிழார் எடுத்து விரித்திருக்கலாம். பாட்டில் இல்லை என்பதற்காக நடக்கவே இல்லை என்று நான் சொல்லமாட்டேன்.

காரைக்கால் மகன் | ஞாயிறு, காலை 11.00

நன்றி ஐயா. ஊரார் வாய் என்று ஒன்று இருக்கிறது. அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

நெய்தல் வாசகி | ஞாயிறு, பிற்பகல் 3.15

காரைக்கால் மகன், உங்கள் அம்மாவின் மடியில் விழுந்த பழத்தை நான் தள்ளிவைத்துப் பேசியிருந்தால் மன்னியுங்கள். என் வருத்தம் பழத்தின் மேல் இல்லை. பழத்துக்கு அப்புறம் இருக்கும் 143 பாட்டைக் குழந்தைகள் தாண்டிப் போகிறார்களே என்பதுதான். நான் ஏன் இப்படித் துடிக்கிறேன் என்று புரிய வேண்டுமானால் ஒரு பாட்டை உங்களுக்குக் காட்ட வேண்டும்.

சுடுகாடு என்றதும் நமக்குப் பயங்கரம்தான் தோன்றும். மூத்த பதிகத்திலும் அது குறைவில்லை. பிணம், நிணம், குடல், கொள்ளி எல்லாம் உண்டு. ஆனால் அம்மையார் அந்தக் காட்டில் குடியிருப்பவரைப் போலப் பார்க்கிறார். இரண்டாம் பாட்டில் ஒரு பெண்பேய் கள்ளிச்செடியின் கவட்டில் காலை நீட்டிக்கொண்டு, எரிந்த கொள்ளியை எடுத்து மசித்துக் கண்ணுக்கு மை எழுதிக்கொள்கிறது. வெடுவெடென்று சிரிக்கிறது. உடனே எதற்கோ வெருண்டு துள்ளுகிறது, பிணத்தீ சுட்டுவிடுகிறது, கோபம் வந்து புழுதியை அள்ளிப் போட்டுத் தீயை அவிக்கிறது. நம் வீட்டுச் சிறுமி கண்ணாடி முன்னால் நிற்பதைப் பார்த்தது போல இல்லையா?

என்னை நிறுத்தியது ஐந்தாம் பாட்டு.

'விழுது நிணத்தை விழுங்கியிட்டு
வெண்தலை மாலை விரவப் பூட்டிக்
கழுதுதன் பிள்ளையைக் காளியென்று
பேரிட்டுச் சீருடைத் தாவளர்த்துப்
புழுதி துடைத்து முலைகொடுத்துப்
போயின தாயை வரவுகாணாது
அழுதுறங் கும்புறங் காட்டில் ஆடும்
எங்கள் அப்பன் இடந்திரு ஆலங்காடே'

கழுது என்றால் பேய். அந்தத் தாய்ப்பேய் தன் குழந்தைக்குக் காளி என்று பெயர் வைக்கிறது. சீராக வளர்க்கிறது. குழந்தை மேல் ஒட்டிய புழுதியைத் துடைத்துவிட்டுப் பால் கொடுக்கிறது. பிறகு எங்கோ போய்விடுகிறது. தாய் வரக் காணாமல் குழந்தை அழுது அழுது அப்படியே தூங்கிப்போகிறது. அந்தக் காட்டில்தான் அப்பன் ஆடுகிறான்.

நான் இதை முதன்முதலில் படித்தது என் மகளுக்கு எட்டு மாதம் இருக்கும்போது. பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் வாரம். மாலையில் வீட்டுக்கு வந்தால் மாமியார் வாசலிலேயே, "இப்போதுதான் அழுது தூங்கினாள்" என்று சொல்வார். கன்னத்தில் கண்ணீர் காய்ந்த கோடு இருக்கும். அன்றிரவு இந்தப் பாட்டில் 'அழுதுறங்கும்' என்ற சொல்லுக்கு வந்தபோது புத்தகத்தை மூடிவிட்டேன். இத்தனை நூற்றாண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் இதைப் பார்த்திருக்கிறார். புழுதி துடைப்பதைப் பார்த்திருக்கிறார். அவருக்குக் குழந்தை இருந்ததாக எந்தக் கதையும் சொல்லவில்லை.

தீக்கொள்ளி | ஞாயிறு, மாலை 5.00

இந்தப் பாட்டை இதுவரை நான் இப்படிப் படித்ததில்லை. அருவருப்பும் அச்சமும் தரும் பாட்டு என்று ஒரு சொற்பொழிவில் கேட்டதோடு விட்டிருந்தேன்.

கயிலையில் இறைவன் அவரை 'அம்மையே' என்று அழைத்ததை இப்போது வேறு மாதிரி நினைக்கத் தோன்றுகிறது. சேக்கிழாரைப் பற்றி நான் எழுதியதையும் திரும்பிப் பார்க்கிறேன். 'தசைப்பொதி' எனக்கு நினைவில் இல்லை. ஐயாவுக்கு நன்றி. ஆனால் அந்த வணிகன் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது.

பழைய ஏடு | ஞாயிறு, மாலை 5.40

அது இருக்கட்டும் அம்மா. இருக்க வேண்டியதுதான்.

புதியவன் | திங்கள், இரவு 9.00

எல்லோருக்கும் நன்றி. படிக்க ஆசையாக இருக்கிறது. எங்கே தொடங்குவது? வெண்பா என்றாலே எனக்குப் பயம்.

பழைய ஏடு | திங்கள், இரவு 10.10

அற்புதத் திருவந்தாதியில் தொடங்குங்கள். ஒரு பாட்டின் கடைசிச் சொல் அடுத்த பாட்டின் முதல் சொல்லாக வரும். கையைப் பிடித்து அழைத்துப் போவது போல இருக்கும். முதல் பாட்டு:

'பிறந்து மொழிபயின்ற பின்னெல்லாம் காதல்
சிறந்துநின் சேவடியே சேர்ந்தேன் - நிறந்திகழும்
மைஞ்ஞான்ற கண்டத்து வானோர் பெருமானே
எஞ்ஞான்று தீர்ப்ப திடர்'

பிறந்து, பேசக் கற்ற நாள் முதலாக உன் காலடிதான். என் துன்பத்தை எப்போது தீர்ப்பாய்? பக்தி நூலின் முதல் பாட்டே இறைவனிடம் தவணை கேட்கிறது! 'இடர்' என்று முடிந்ததா? அடுத்தது:

'இடர்களையா ரேனும் எமக்கிரங்கா ரேனும்
படரும் நெறிபணியா ரேனும் - சுடருருவில்
என்பறாக் கோலத் தெரியாடும் எம்மானார்க்
கன்பறா தென்நெஞ் சவர்க்கு'

துன்பத்தைத் தீர்க்காவிட்டாலும், இரங்காவிட்டாலும், வழி சொல்லாவிட்டாலும் என் நெஞ்சில் அவர்மேல் அன்பு அறாது. முதல் பாட்டில் கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை. பதில் வராமலே அன்பு தொடர்கிறது. மூன்றாம் பாட்டு 'அவர்க்கே எழுபிறப்பும் ஆளாவோம்' என்று தொடங்கி 'ஆள்' என்று முடியும். நான்காவதில் மறுபடி முறையீடு: 'ஆளானோம் அல்லல் அறிய முறையிட்டால் கேளாத தென்கொலோ'. உனக்கு ஆளாகிவிட்டோமே, முறையிட்டால் ஏன் கேட்கவில்லை?

இப்படியே நூறைத் தாண்டி, 101ஆம் பாட்டு 'பேராத காதல் பிறந்து' என்று முடியும். 'பிறந்து'! முதல் பாட்டின் முதல் சொல். வட்டம் மூடிக்கொள்கிறது. முடித்த கையோடு மறுபடி தொடங்கலாம்.

இடையில் 61ஆம் பாட்டைத் தவறவிடாதீர்கள். 'அன்றும் திருவுருவம் காணாதே ஆட்பட்டேன், இன்றும் திருவுருவம் காண்கிலேன்' என்கிறார். நும்பிரான் எந்த உருவத்தவன் என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது என்று அவனிடமே கேட்கிறார். வாழ்நாள் முழுவதும் ஆட்பட்டவர், காணவில்லை என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுகிறார். அந்த நேர்மைக்காகவே நான் அவரை வணங்குகிறேன்.

இசை மாணவன் | செவ்வாய், காலை 7.20

சென்ற ஆண்டு திருவாலங்காட்டுக்குப் போயிருந்தேன். அரக்கோணம் போகும் வழியில் ரயிலில் இறங்கி ஆட்டோவில் போகலாம். சிவன் ஆடும் ஐந்து சபைகளில் இது இரத்தின சபை. அவர் தலையால் நடந்த தலம் என்பதால் சம்பந்தர் கால் வைக்கத் தயங்கி அருகிலிருந்த ஊரில் தங்கினார் என்று புராணம் சொல்கிறது. நான் செருப்பை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு இறங்கினேன்.

'எட்டி இலவம் ஈகை சூரை காரை' என்று தொடங்கும் இரண்டாம் பதிகத்தைச் சபைக்கு முன்னால் நின்று மெதுவாகப் பாடினேன். பக்கத்தில் நின்ற ஒரு முதியவர் முடிக்கும்வரை கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "எட்டி மரம் பார்த்திருக்கிறாயா தம்பி?" என்றார். இல்லை என்றேன். விதை கடும் விஷம் என்று சொல்லிவிட்டு, ஈகையும் சூரையும் காரையும் முள்தான், கள்ளிக்கும் முள்தான் என்று விரல் விட்டு எண்ணினார். அதுவரை அந்த அடியை நான் தாளத்துக்காக மட்டுமே பாடிக்கொண்டிருந்தேன். அவர் ஒவ்வொரு செடியாகப் பெயர் சொல்லிப் பாடியிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

நெய்தல் வாசகி | இரு வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 8.30

நாடகம் முடிந்தது. உங்கள் எல்லோருக்கும் சொல்லியாக வேண்டும்.

பழைய ஏடு ஐயா எழுதியதை அச்செடுத்து வகுப்பாசிரியையிடம் கொடுத்தேன். மாம்பழக் காட்சியை எடுக்க முடியாது, பிள்ளைகள் ஒத்திகை பார்த்துவிட்டார்கள் என்றார். எடுக்க வேண்டாம், கடைசியில் மூன்று நிமிடம் மட்டும் கொடுங்கள் என்று கேட்டேன். கொடுத்தார். திரை விழ வேண்டிய இடத்தில் விழாமல், மகள் கையில் தாளத்தோடு தரையில் உட்கார்ந்து அந்தாதியின் முதல் ஐந்து பாட்டையும் சொன்னாள். 'இடர்' என்று முடித்து ஒரு தட்டு, 'இடர்களையாரேனும்' என்று தொடங்கி ஒரு தட்டு. நான்காம் பாட்டில் ஓர் அடி மறந்து நின்றாள். முன்வரிசையில் இருந்த யாரோ ஒரு பாட்டி எடுத்துக் கொடுத்தார். யார் என்று கூட்டத்தில் தேடினேன், கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் பேய்க்குழந்தை பாட்டை அவளுக்குச் சொன்னேன். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தாள். இறங்கும்போது, "காளியோட அம்மா திரும்பி வந்தாளா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. ஐயா, பதிகத்தில் பிறகு எங்காவது வருகிறதா?

பழைய ஏடு | ஞாயிறு, இரவு 9.15

இல்லை அம்மா. இப்போது மறுபடி எடுத்துப் பதினொரு பாட்டும் பார்த்துவிட்டேன். அந்தக் குழந்தை அந்த ஒரு பாட்டில்தான் இருக்கிறது. தூங்குகிறது.

காரைக்கால் மகன் | ஞாயிறு, இரவு 9.40

இந்த ஆனிக்கு மகளை அழைத்துக்கொண்டு எங்கள் ஊருக்கு வாருங்கள். எங்கள் வீட்டு மாடியில் இடம் இருக்கிறது. ஐந்து பாட்டு அவளுக்கு மனப்பாடம் என்று சொன்னதும் அம்மா ஒரு கூடையை அவளுக்கென்று தனியாக எடுத்து வைக்கச் சொல்லிவிட்டார். மாலையில் கூட்டம் அதிகமாகிவிடும், தெருவுக்குள் நுழையவே முடியாது. காலையிலேயே வந்துவிடுங்கள்.